மலையூர்க் கழிவுநீர்: சங்கங்களின் கடமை

கூட்டுறவுச் சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும் அலுவலனுக்குப் பேரேடும், இரசீதுப் புத்தகமும், இருப்புப் பதிவேடுமே முதற்கண் கண்ணிற்படுவன. ஆயினும் எந்தப் பேரேட்டிலும் ஏறாத ஒரு கணக்கு ஒவ்வோர் ஊரிலும் நாள்தோறும் நடந்துகொண்டே இருக்கிறது. அது ஊருக்குள் வரும் நீருக்கும், ஊரைவிட்டு வெளியேறும் நீருக்கும் உள்ள கணக்கு. குழாய் வந்ததா, ஊற்று வற்றியதா என்று வரவுப் பக்கத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பாத்திரம் துலக்கிய நீரும், குளித்த நீரும், துணி வெளுத்த நீரும், கழிப்பிடத்து நீரும் எங்கே போகின்றன என்னும் செலவுப் பக்கத்தை எழுதுவார் இல்லை.

நீலகிரியில் நூறு வீடுகள் உள்ள ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு நால்வர் என்றால் 400 பேர். 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கம் ஊரகத்தில் ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் என்று அளவு வகுத்தது. அந்த அளவுப்படி ஊருக்குள் வருவது 22,000 லிட்டர். வீட்டுக்குள் வரும் நீரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியியலார் கொள்ளும் பொதுக் கணக்கு. ஆகவே அச்சிற்றூர் நாள்தோறும் 17,600 லிட்டர் கழிவுநீரை வெளியே விடுகிறது. ஓராண்டுக்கு இது 64 இலட்சம் லிட்டரைத் தாண்டும். குழாய் நீர் வீட்டு வாயிலுக்கு வந்ததைக் கொண்டாடும் நாம், அதனுடன் இக்கழிவுநீரும் பெருகியதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நீர் செல்லும் வழி

மலைமேல் விடப்படும் நீர் மலையிலேயே நிற்பதில்லை. நீலகிரியின் கிழக்குச் சரிவிலும் தெற்குச் சரிவிலும் வீழும் நீர் பவானியாற்றை அடைகிறது. மேட்டு நிலத்தின் வடபுறத்து நீர் மோயாற்றில் சேர்கிறது. இவ்விரண்டு ஆறுகளும் பவானிசாகரில் ஒன்றுகூடுகின்றன. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளின் நீரில் ஒரு பங்கு மட்டும் பாண்டியாறு, புன்னம்புழை வழியாகக் கேரளத்துச் சாலியாற்றுக்குப் போகிறது.

1955-இல் கட்டி முடிக்கப்பெற்ற பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானிக் கால்வாய் 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் தருகிறது. ஆறோ கொடிவேரியைக் கடந்து, பவானி நகரின் கூடுதுறையில் காவிரியுடன் கலக்கிறது. அக்கூடுதுறை ஊரிலேதான் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளம் நெய்யப்படுகிறது. கேத்தியில் பூண்டு விளைவிப்பவரும், கோத்தகிரியில் பச்சைத் தேயிலை பறிப்பவரும், கோபியில் நெல் நடுபவரும், பவானியில் தறி ஓட்டுபவரும் ஒரே நீரின் வழியில் வாழ்கின்றனர். இவ்விதழை வாசிக்கும் நெசவாளரும் விவசாயிகளும் ஒருவரை ஒருவர் நேரிற் கண்டிராவிடினும், ஒருவர் வீட்டு வாசலைக் கடந்த நீரே மற்றவர் வாசலுக்கு வருகிறது என்பதை மறத்தல் ஆகாது.

மேலிருப்பவர் கீழிருப்பவரை மறந்தால் என்ன நேரும் என்பதற்குக் கொங்கு நாட்டிலேயே சான்று உண்டு. நொய்யலாற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டப்பட்டது. பாசனத்துக்கென்று எழுந்த அவ்வணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு தேங்கிற்று. உப்பேறிய நீரால் கீழ்ப்பகுதி நிலங்கள் பாழாயின. விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். உரிய சுத்திகரிப்பைச் செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரித் திங்களில் ஆணையிட்டது. ஒரு பக்கம் நிலம் கெட்டது; மறுபக்கம் பட்டறைகளை நம்பிய தொழிலாளர் பிழைப்பு நின்றது. கழிவுநீரைத் தொடக்கத்திலேயே கவனித்திருப்பின் நிலமும் பிழைத்திருக்கும், தொழிலும் பிழைத்திருக்கும்.

ஏரி புகட்டும் பாடம்

ஊர்ச் சாக்கடையால் நீர்நிலை கெடுவதற்கு வெளியூருக்குப் போகவேண்டியதில்லை. உதகை ஏரி 1823 முதல் 1825 வரையிலான ஆண்டுகளில் ஜான் சல்லிவனால் ஓடையை மறித்து அமைக்கப்பெற்றது. நகரம் வளர வளரக் கோடப்பமந்து கால்வாய் வழியாக வீடுகளின் கழிவும் விடுதிகளின் கழிவும் அதிற் கலந்தன, ஆகாயத்தாமரை படர்ந்தது. பின்னர் நடுவணரசின் தேசிய ஏரிகள் பாதுகாப்புத் திட்டத்தில் இவ்வேரி சேர்க்கப்பட்டது; காந்தலில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் எழுந்தது. பெருநகருக்கு ஏற்ற இவ்வழி, மலைச்சரிவில் நூறு வீடும் ஐம்பது வீடுமாகச் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்குப் பொருந்தாது. ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையே பள்ளமும் மேடும் உண்டு. எல்லா ஊர்களின் சாக்கடையையும் குழாய் வைத்து ஓரிடத்துக்கு இழுப்பதற்கு ஆகும் செலவைச் சிற்றூர்கள் தாங்க இயலாது. ஆகவே ஊர்தோறும் சிறு அளவில் தானே தன் கழிவைச் சீர்செய்துகொள்ளும் முறையே இங்கு வேண்டும்.

மலையின் தனி இயல்புகள்

சமவெளியில் நன்கு நடக்கும் முறையை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் பயன் குறையும். அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது குளிர். கழிவைச் செரிக்கச் செய்பவை நுண்ணுயிர்கள். வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் அவற்றின் வேகம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். உதகை கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் அங்கு உறைபனி விழுகிறது. ஆகவே கழிவுநீர் தொட்டியில் தங்கும் நேரம் சமவெளியைவிட மிகுதியாக இருத்தல் வேண்டும். இரட்டைக் குழிக் கழிப்பிடங்களுக்கும் இது பொருந்தும். நிரம்பி மூடிய குழியை எத்தனை காலம் விட்டுவைத்தால் அதிலுள்ளது தீங்கற்ற உரமாகும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2006-இல் அளவு கூறியுள்ளது. வெப்பம் 20 முதல் 35 பாகை உள்ள இடத்தில் ஓராண்டுக்கு மேல். 20 பாகைக்குக் குறைந்த இடத்தில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு. கோயமுத்தூரில் ஓராண்டு கழித்துத் திறக்கும் குழியைக் குன்னூரில் இரண்டாண்டு கழித்தே திறத்தல் வேண்டும்.

இரண்டாவது ஊற்று. மலையூர்கள் பலவற்றுக்குக் குடிநீர் தருவது வீடுகளுக்குக் கீழ்ப்புறத்தில் சுரக்கும் ஊற்றே. வீடுகள் வரிசையாக மேட்டில் நிற்க, ஓடையும் ஊற்றும் தாழ்வில் இருப்பது படுகர் ஹட்டிகளிலும் காணும் அமைப்பாகும். கிணற்றுக்கும் கழிப்பிடக் குழிக்கும் இடையே பத்துப் பதினைந்து மீட்டர் இருந்தாற் போதும் என்ற பொதுக் கணக்குச் சமவெளிக்கு உரியது. சரிவில் நீர் மண்ணுக்குள் எவ்வழி இறங்கும் என்பதை மேலிருந்து கண்டு சொல்ல முடியாது. ஊற்றுக்கு நேர் மேற்புறத்தில் உறிஞ்சு குழி எதுவும் வெட்டலாகாது என்பதையே விதியாகக் கொள்ளல் நன்று.

மூன்றாவது சரிவு. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் கேத்தி, குன்னூர், உதகைப் பகுதிகளில் நிலம் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிற்று. மண் தாங்கும் நீருக்கு ஓர் எல்லை உண்டு. நூறு வீட்டுக் கழிவுநீரையும் சரிவின் ஒரே இடத்தில் ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் இறக்குவது, மழைக்கு முன்பே அவ்விடத்தை நனைத்து வைப்பதற்கு ஒப்பாகும். சீர்செய்த நீரையும் பரவலாகவே விடவேண்டும்.

முறை யாது?

செப்டிக் டாங்க் புதியதன்று. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்டு கேமரான் என்பவர் 1895-ஆம் ஆண்டளவில் அப்பெயரிட்டு அதனைப் பரப்பினார். தொட்டிக்குள் கசடு அடியில் தங்கும்; எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும்; நடுவிலுள்ள நீர் வெளியேறும். அவ்வாறு வெளியேறும் நீர் பார்வைக்குத் தெளிந்திருப்பினும் தூயதன்று. நோய்க்கிருமிகளில் பெரும்பகுதி அதில் உயிரோடு இருக்கும். அதனை நேரே ஓடையில் விடுவதே நம் ஊர்களில் நடக்கும் பெருந்தவறு.

அந்நீரை மேலும் சீர்செய்ய எளிய வழி செடிப்படுகை. ஜெர்மானிய அறிஞர் கேதே சைடல் என்னும் அம்மையார் 1950-களில் இதனை ஆராயத் தொடங்கினார். ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஜல்லி நிரப்பிய படுகையில் நாணல், சம்பு, கல்வாழை போன்றவற்றை நட்டு, கழிவுநீரை ஜல்லிக்குள்ளேயே மெல்ல ஊடுருவச் செய்தல் வேண்டும். ஜல்லியின் மேற்பரப்பில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்ணும். செடியின் வேர்கள் அவற்றுக்கு இடமும் ஓரளவு உயிர்க்காற்றும் தரும். நீர் மேலே தெரியாதாகையால் கொசு உண்டாகாது, நாற்றமும் குறையும். மின்விசை வேண்டுவதில்லை; மலைச்சரிவே நீரை இழுத்துச் செல்லும். புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்து அரவிந்த் கண் மருத்துவமனை, தடுப்புத் தொட்டிகளும் செடிப்படுகையும் குளங்களும் கொண்ட இத்தகைய அமைப்பின் வழியாகவே தன் கழிவுநீரைச் சீர்செய்து தோட்டத்துக்குப் பாய்ச்சி வருகிறது.

நாம் எடுத்துக்கொண்ட சிற்றூருக்கு இம்முறையின் அளவுகளைக் காண்போம். முதலில் சமையலறை நீர் சேருமிடத்தில் எண்ணெயையும் மண்ணையும் பிடிக்கும் சிறு தொட்டி வேண்டும். அடுத்து, கழிவுநீர் இரண்டு நாட்களேனும் தங்கும் பெருந்தொட்டி. நாளைக்கு 17,600 லிட்டர் எனில் இரண்டு நாட்களுக்கு 35,200 லிட்டர். 7 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், 2 மீட்டர் நீர் ஆழம் உள்ள தொட்டி ஏறக்குறைய அதைக் கொள்ளும். குளிரையும், அடியில் தேங்கும் கசட்டையும் கருதி இதற்குமேல் இடம் விடுவது அறிவுடைமை. தொட்டிக்குள் நீர் மேலும் கீழுமாக ஏறி இறங்கிச் செல்லத் தடுப்புச் சுவர்கள் வைத்தால் வேலை இன்னும் செம்மையாக நடக்கும். மூன்றாவதாகச் செடிப்படுகை. தொட்டியில் தெளிந்த நீருக்கு ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் முதல் இரண்டு சதுர மீட்டர் வரை படுகை வேண்டும். உயரமும் குளிரும் மிகுந்த ஊர்களில் அதற்கு மேலும் வேண்டியிருக்கலாம். 400 பேருக்குப் பத்து முதல் இருபது சென்ட் நிலம் ஆகும். அதனை ஒரே படுகையாக அன்றித் தேயிலைத் தோட்டத்துப் படிக்கட்டுப் போல மூன்று நான்கு படிகளாக அமைத்தால் சரிவை வெட்டிச் சமன்செய்யும் வேலை குறையும். மழைநீர்க் கால்வாயை இதனுடன் சேர்த்தல் கூடாது. சேர்த்தால் ஒரே மழையில் கசடு முழுவதும் அடித்துச் செல்லப்படும்.

இது வீட்டுக் கழிவுநீருக்கு உரிய முறை. சாயநீருக்கு இது பொருந்தாது. சாயத்தொட்டியில் இடும் உப்பைச் செடியும் உண்ணாது, நுண்ணுயிரும் உண்ணாது. ஆதலின் தறி நடக்கும் ஊர்களில் சாயநீரை வீட்டுச் சாக்கடையிற் கலப்பது, சீர்செய்ய முடிந்ததையும் முடியாததாக ஆக்கிவிடும். அவ்வாறே கேத்திப் பாலாடா போன்ற இடங்களில் கேரட் கழுவும் நிலையங்களின் சேற்று நீரையும் தனியே வைத்தல் வேண்டும். அந்தச் சேறு நம் தோட்டத்து மேல்மண். அதனுடன் பூச்சிமருந்தின் எச்சமும் போகிறது. அடுத்தடுத்த இரண்டு படிவுத் தொட்டிகளில் நீரை நிறுத்தினால் மண்ணின் பெரும்பகுதி அடியில் தங்கும். தெளிந்த நீரை முதற்கழுவலுக்கு மீண்டும் பயன்படுத்தலாம்.

கேத்தியும் அதிகரட்டியும்

தொட்டி கட்டியதுடன் வேலை முடிவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அடிக்கசட்டை எடுத்தாக வேண்டும். எடுக்காவிடில் தொட்டி நிரம்பி, கசடே நீருடன் வெளியேறும். உறிஞ்சு லாரியை அழைத்து எடுப்பித்தாலும், லாரிக்காரர் அதை எங்கே கொட்டுகிறார் என்று கேட்பவர் இல்லை. இரவில் ஓடையிலோ காட்டோரத்திலோ கொட்டப்படுமாயின், நம் வீட்டு அழுக்கைப் பணங்கொடுத்து ஆற்றுக்கு அனுப்பியவராவோம்.

இதற்கு நீலகிரியிலேயே ஒரு வழி காட்டப்பட்டிருக்கிறது. கேத்தி, அதிகரட்டி ஆகிய பேரூராட்சிகளில் ஆர்.டி.ஓ. டிரஸ்ட் என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையுடன், தொட்டிகளிலிருந்து எடுத்த கசட்டை உலர்த்தி, வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் சேரும் மக்கும் குப்பையுடன் சேர்த்துக் கம்போஸ்ட் உரமாக்கும் ஏற்பாடு செய்யப்பெற்றது. இம்முறையின் தத்துவம் எளிது. கசட்டில் தழைச்சத்து மிகுதி. காய்கறிக் கழிவிலும் சருகிலும் கரிச்சத்து மிகுதி. இரண்டையும் உரிய விகிதத்தில் கலந்து குவித்துக் காற்றோட்டம் தந்தால் குவியல் தானே சூடேறும். அச்சூடு 50 பாகைக்கு மேல் ஒரு வாரமேனும் நிலைத்து, குவியலின் எல்லாப் பகுதிகளையும் எட்டினால் நோய்க்கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் அழியும். மலைக்குளிரில் குவியல் சிறிதாயிருந்தால் சூடு நிலைக்காது. ஆதலின் பல ஊர்களின் கசடு ஓரிடத்தில் சேர்தல் நன்மையே. வெப்பமானியைக் கொண்டு நாள்தோறும் சூட்டை அளந்து எழுதி வைத்தலே இங்குக் கணக்குப் புத்தகம்.

உரத்தை வாங்கும் விவசாயிகள் சில எச்சரிக்கைகளைக் கைக்கொள்ளல் வேண்டும். முற்றிலும் மக்கிய, சோதனை செய்யப்பெற்ற உரத்தையே இடுக. பச்சையாக உண்ணப்படும் கேரட், முள்ளங்கி, கீரை ஆகியவற்றுக்கு இடுவதைத் தவிர்த்து, மரப்பயிர்களுக்கும் தீவனப் புல்லுக்கும் நாற்றங்கால் மண்ணுக்கும் முதலில் இட்டுப் பார்க்கலாம். இயற்கை வேளாண்மைச் சான்று பெற்ற தோட்டத்தினர், சான்றளிக்கும் அமைப்பைக் கேளாமல் இடவே கூடாது. சான்று போனால் விலையும் போகும்.

“மனிதக் கழிவை நிலத்தில் இடுவதா?” என்று அருவருப்போர் உண்டு. அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று. உரமாக்காவிடில் அக்கழிவு மறைந்து போய்விடுவதில்லை. கீழூர்க்காரரின் குடிநீரிற் சேர்கிறது. சூட்டில் வெந்து மண்ணாக மாறியதைத் தொட அஞ்சும் நாம், மாறாததைப் பிறருக்குப் பருகக் கொடுத்தல் நேர்மை ஆகுமா?

கூட்டுறவு வழியிற் கண்ட முன்மாதிரி

கழிவுநீரைச் சீர்செய்தல் சங்கத்தின் வேலையன்று என்று சொல்வோருக்குக் கல்கத்தாவின் முதியாலி மீனவர் கூட்டுறவுச் சங்கம் விடையாக நிற்கிறது. கார்டன் ரீச் பகுதியில் துறைமுகத்துக்கு உரிய சதுப்பு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த அச்சங்கத்தினர், நகரின் கழிவுநீரையும் ஆலைக் கழிவு கலந்த நீரையும் வரிசையான குளங்களின் வழியே செலுத்தினர். முதற்குளங்களில் நீர்ச்செடிகள் அழுக்கைப் பிடித்தன. பின் குளங்களில் மீன் வளர்ந்தது. அங்கத்தினருக்கு வருவாயும், ஆற்றுக்குத் தெளிந்த நீரும் கிடைத்தன. அந்நகரின் கிழக்கே ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள சதுப்பு நிலமும் இவ்வாறே நகரக் கழிவுநீரில் மீனும் காய்கறியும் விளைவித்து, 2002-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அங்குள்ள வெப்பமும் சமதரையும் நமக்கு இல்லை. குளத்து முறையை நாம் அப்படியே பின்பற்ற இயலாது. ஆயினும் கழிவுநீரை நிர்வகிக்கும் திறமை உழைப்பாளிகளின் சங்கத்துக்கு உண்டு என்பதை அவர்கள் காட்டிவிட்டனர்.

கூட்டுறவுக் கொள்கைகளும் இதற்கு இடந்தருகின்றன. சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995-ஆம் ஆண்டு மான்செஸ்டரில் கூடி ஏழு கொள்கைகளை வகுத்தது. அவற்றுள் ஏழாவது, சமூகத்தின்பால் அக்கறை. நீலகிரிச் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளை இணைக்கும் இண்ட்கோசர்வ் இணையம் 1965-இல் உருவானது. தனித்தனியே பேரம் பேச வலிமையற்ற சிறு விவசாயிகள், தமக்கெனத் தொழிற்சாலைகளையே நடத்தும் நிலைக்குக் கூட்டுறவால் உயர்ந்தனர். தேயிலையை உலர்த்தி, பதமாக்கி, தரம் பிரித்து, சிப்பமிடத் தெரிந்தவர்களுக்கு ஒரு தொட்டியையும் ஒரு செடிப்படுகையையும் பராமரிப்பது மலைப்பான செயலன்று.

நிலமும் செலவும்

மலையில் பத்துச் சென்ட் என்பது சிறிதன்று. ஓரிரண்டு ஏக்கர் தேயிலையை நம்பி வாழும் குடும்பத்தை, “ஊருக்காக விட்டுக்கொடு” என்று கேட்பது எளிதாயினும், கொடுப்பது எளிதன்று. அவ்வாறு ஒருவரையே இழப்புக்கு ஆளாக்குதல் கூட்டுறவும் ஆகாது. புறம்போக்கு நிலம் இருப்பின் ஊராட்சி வாயிலாக அதனைக் கேட்டுப் பெறலாம். இல்லையேல் ஊரார் பகிர்ந்து குத்தகை செலுத்தி, நிலம் தந்தவருக்குப் பறிப்பில் இழந்த வருவாயை ஈடு செய்தல் வேண்டும். படுகையிலிருந்து வெளிவரும் நீரைத் தீவனப் புல்லுக்குப் பாய்ச்சும் உரிமையையும் அவருக்கே அளிக்கலாம்.

கட்டுமானச் செலவுக்கு அரசின் உதவிக்கு வழி உண்டு. 2020-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் ஊரக இரண்டாம் கட்டத்தில், 5,000 பேருக்கு மேற்படாத சிற்றூரின் சாம்பல்நிறக் கழிவுநீரை, அதாவது சமையல், குளியல், சலவை நீரைச் சீர்செய்ய ஆளுக்கு 280 ரூபாய் வரை செலவிட விதி வகுக்கப்பட்டது. நம் 400 பேர் ஊருக்கு அக்கணக்கில் 1,12,000 ரூபாய். முழுச் செலவுக்கும் இது போதாது. மீதிக்கு ஊராட்சி நிதியும், சங்கத்தின் பொதுநல நிதியும், அங்கத்தினரின் உழைப்பும் சேர்தல் வேண்டும். பொதுநல நிதியிலிருந்து செலவிடுமுன் துணைவிதிகளைப் பார்த்து, உரிய ஒப்புதலைப் பெற்றே செலவிடுதல் முறை.

கட்டுவதைவிடக் கடினமானது பராமரிப்பு. திறப்பு விழா முடிந்த பின் ஆளின்றிப் பாழ்பட்ட நிலையங்கள் நாட்டிற் பல. ஒரு வீட்டுக்குத் திங்களுக்கு 60 ரூபாய் எனக் கொண்டால் நூறு வீட்டுக்கு 6,000 ரூபாய், ஆண்டுக்கு 72,000 ரூபாய் சேரும். தடுப்புத் தொட்டியை வாரந்தோறும் துப்புரவு செய்யவும், செடிகளைக் கத்தரிக்கவும், குழாய் அடைப்பை நீக்கவும் ஒருவரைப் பகுதி நேர ஊதியத்தில் அமர்த்தலாம். கசடு எடுக்கும் ஆண்டுக்கென ஒரு பகுதியைச் சேமிக்கலாம். பச்சைத் தேயிலைப் பட்டுவாடாவில் அங்கத்தினரின் சம்மதத்துடன் இத்தொகையைப் பிடித்தம் செய்தால் வசூல் நிலுவை நிற்காது. இவ்வசதி சங்கத்துக்கு உண்டு, ஊராட்சிக்கு இல்லை. ஊராட்சியும் சங்கமும் இணைந்து நடத்தவேண்டும் என்று கூறுவதற்கு இது முதற்காரணம்.

ஆள் இறங்கலாகாது

மிக முக்கியமான ஒன்றைத் தனியே சொல்லவேண்டும். செப்டிக் டாங்கினுள் மனிதரை இறக்குதல் குற்றம். மனிதக் கழிவைக் கையால் அகற்றும் பணிக்கு ஆளமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டது. தொட்டியில் இறங்கி மாண்டவரின் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் விதித்தது. 2023-இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. மூடிய தொட்டியில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு மிகுந்தால் மணமே தெரியாமற்போகும்; ஓரிரு மூச்சில் மனிதன் விழுந்துவிடுவான். அவனைத் தூக்கப் போகும் இரண்டாமவனும் விழுவான். இழப்பீடு எத்தனை இலட்சமாயினும் போன உயிர் மீளாது.

இத்துடன் இன்னொன்றும் உண்டு. “இவ்வேலையைச் செய்வதற்கென்றே சிலர் இருக்கிறார்கள்” என்ற எண்ணம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. அவ்வெண்ணத்தோடு ஒரு சங்கம் இத்திட்டத்தைத் தொடங்குமானால், புதிய தொட்டியில் பழைய அநீதியையே நிரப்பியதாகும். பராமரிப்பாளர் எந்தக் குலத்தினராயினும் ஊதியப் பட்டியலில் பெயர் உள்ளவராக, கையுறையும் காலணியும் காப்பீடும் பெற்றவராக, தொழிற்சாலையின் ஏனைய பணியாளருக்குச் சமமாக மதிக்கப்படுபவராக இருத்தல் வேண்டும். இயந்திரத்தால் எடுக்க முடியாத இடத்தில் தொட்டி கட்டுவதே கூடாது. லாரி வந்து நிற்கும் பாதையும், குழாய் எட்டும் தூரமும் பார்த்த பின்பே இடத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

பேரவை முன் வைக்கத்தக்கவை

அடுத்த பேரவைக் கூட்டத்தில் நம் சங்கங்கள் கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம் என்பது என் கருத்து.

ஒன்று: ஊரிலுள்ள ஊற்றுகள், ஓடைகள், கழிப்பிடக் குழிகள், சாக்கடை வாய்கள் ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் குறித்தல். பள்ளி மாணவரைக் கொண்டே இதனை ஒரு திங்களில் முடிக்கலாம். செலவு ஏதும் இல்லை.

இரண்டு: ஊற்றுக்கு மேற்புறமுள்ள குழிகளைக் கண்டறிந்து, அவற்றை மாற்ற முதலிடம் தருதல், ஊற்று நீரை மழைக்கு முன்னும் பின்னும் பரிசோதனைக்கு அனுப்புதல்.

மூன்று: தொழிற்சாலை வளாகத்திலும் பணியாளர் குடியிருப்பிலும் முதற்செடிப்படுகையை அமைத்தல். சங்கம் தன் வாசலில் செய்து காட்டாததை அங்கத்தினரிடம் எதிர்பார்த்தல் முறையன்று.

நான்கு: அண்டை ஊர்களின் சங்கங்கள் கூடி, கசடு எடுக்கும் லாரிக்கு முறை வகுத்தல், எடுத்த கசடு எங்கே சேர்ந்தது என்பதற்கு இரசீது பெறாமல் லாரிக்குப் பணம் தராதிருத்தல்.

ஐந்து: பெண் அங்கத்தினரை இக்குழுவில் பாதிக்குக் குறையாமல் சேர்த்தல். வீட்டு நீரை எடுப்பவரும், விடுபவரும், ஊற்று கெட்டால் நெடுந்தொலைவு நடப்பவரும் அவர்களே.

இவற்றுள் முதல் இரண்டும் இந்தக் கோடையிலேயே தொடங்கத்தக்கவை. தென்மேற்குப் பருவமழை வந்துவிட்டால் எந்தச் சாக்கடை எந்த ஓடையிற் சேர்கிறது என்பதைக் காண இயலாது. மழை எல்லாவற்றையும் கழுவிப் பவானிக்கு அனுப்பிவிடும். அதன் கரையில் வாழும் விவசாயியும் நெசவாளரும் நம்மைப் போன்றே சங்க அங்கத்தினர். நம்மைப் போன்றே குடத்தோடு நீருக்குச் செல்பவர். வரைபடம் எழுதி முடித்த சங்கங்கள் அதன் படியொன்றை மற்றச் சங்கங்களுக்கும் அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.